ஒயினுக்கு வயதாவது எப்படி?

ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகம் எடுத்த புகைப்படம் ஒன்று ஒயின் உலகில் வெகு பிரபலம். பதினான்கு பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு முனையில் இருப்பது பச்சை கலந்த வெளிர் மஞ்சள். அடுத்தடுத்த பாட்டில்களில் நிறம் ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் பொன் மஞ்சள், அதற்கப்பால் தேன் நிறம், மறு முனையில் கருத்த பழுப்பு. பார்ப்பவர்கள் இவை பதினான்கு வெவ்வேறு ஒயின்கள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் பதினான்கும் ஒன்றே. கிளேர் பள்ளத்தாக்கில் விளைந்த செமியோன் என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயினை 1999இல் பாட்டில்களில் அடைத்து, ஒரே மாதிரியான சூழலில் வைத்திருந்தார்கள். மாறியது மூடி மட்டும். சிலவற்றுக்குக் கார்க், சிலவற்றுக்குச் செயற்கை அடைப்பான், ஒன்றுக்குத் திருகு மூடி. பத்து ஆண்டுகள் கழித்து எடுத்த படத்தில், திருகு மூடி போட்டது இன்னும் இளமையாக இருக்கிறது. சில செயற்கை அடைப்பான்களின் கீழ் இருந்தவை முற்றிலும் தளர்ந்துவிட்டன.

ஒயினின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்வது எவ்வளவு அரைகுறையான கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

லண்டனிலும் மெல்போர்னிலும் டொரன்டோவிலும் வாழும் நம்மவர்களுக்கு 'மிக்ஸ்டு கேஸ்' பழகிய பொருள். கடைக்காரர் பன்னிரண்டு பாட்டில்களைக் கலந்து ஒரே அட்டைப் பெட்டியில் அடுக்கித் தருவார். பாட்டிலுக்கு 750 மில்லி; மொத்தம் ஒன்பது லிட்டர். பெட்டி வீட்டுக்கு வந்ததும் கேள்வி எழுகிறது: இதில் எதை இந்த வாரம் திறப்பது, எதைப் பத்தாண்டு வைத்திருப்பது? ஒயின் என்றால் வைக்க வைக்கச் சுவை கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான ஒயின்களுக்கு அது பொருந்தாது. உலகில் உற்பத்தியாகும் ஒயினில் மிகப் பெரும் பங்கு, ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. வைத்தால் மெருகேறுபவை சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையை அடையாளம் காண, பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். மதுவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒயினும் அதற்கு விலக்கல்ல. யாரையும் குடிக்கச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் மூடிய ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நூறாண்டு கடந்தும் ஓயாமல் நடக்கும் வேதிவினைகளைப் பற்றி, ஒரு துளி குடிக்காதவரும் தெரிந்துகொள்ளலாம்.

இந்த விசாரணையைத் தொடங்கி வைத்தவர் லூயி பாஸ்டர். 1863இல், பிரெஞ்சு ஒயின்கள் வழியிலேயே கெட்டுப்போவது ஏன் என்று கண்டறியும்படி மூன்றாம் நெப்போலியன் அவரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் வளர்ந்த ஊர் ஆர்புவா, ஜூரா மலைப்பகுதியின் ஒயின் ஊர். அங்கேயே ஆய்வு செய்தார். 1866இல் வெளிவந்த அவருடைய நூலில் நுண்ணுயிர்களைப் பற்றிய பகுதிதான் புகழ்பெற்றது. அதே நூலில் இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடிக் குழாய்களில் ஒயினை ஊற்றி உருக்கி மூடினார். சிலவற்றில் ஒயின் விளிம்பு வரை. சிலவற்றில் பாதி ஒயின், பாதி காற்று. காற்று இருந்த குழாய்களில் சில வாரங்களிலேயே சிவப்பு ஒயின் நிறம் வெளுத்து அடியில் வண்டல் விட்டது; வெள்ளை ஒயின் பழுத்தது. நிறைந்திருந்த குழாய்களில் மாற்றமே இல்லை. ஒயினை மூப்படையச் செய்வது ஆக்சிஜன்தான் என்று பாஸ்டர் முடிவுக்கு வந்தார். அளவோடு கிடைத்தால் பக்குவம், அளவு மீறினால் அழிவு.

அந்த ஆக்சிஜன் என்ன செய்கிறது? ஒயினில் கரைந்தவுடன் அது நேராக எதையும் தாக்குவதில்லை. ஒயினில் மிகச் சிறிதளவு இரும்பும் செம்பும் இருக்கும். அவற்றின் துணையோடு திராட்சைத் தோலிலிருந்து வந்த பீனால் சேர்மங்களுடன் வினைபுரிகிறது. அதன் விளைவாக ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. பெராக்சைடு ஆல்கஹாலைத் தாக்கி அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. வெட்டி வைத்த ஆப்பிள் கன்றிப்போனால் வரும் வாசனை அதற்கு உண்டு. இந்தச் சங்கிலியை இடையில் அறுக்கத்தான் ஒயின் செய்பவர்கள் கந்தக டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். பெராக்சைடு உருவான உடனே கந்தகம் அதைப் பிடித்துத் தன்னுடன் வினைபுரிய வைத்துவிடும். கந்தகம் தீரும் நாள் வரை ஒயின் பாதுகாப்பாக இருக்கும். மூடி எவ்வளவு இறுக்கமோ, கந்தகம் அவ்வளவு நாள் தாங்கும். அந்தப் பதினான்கு பாட்டில்களின் நிற வேறுபாட்டுக்கு விளக்கம் இதுவே.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அடுத்து வருவது. வெள்ளை ஒயினைக் கெடுக்கும் அதே அசிட்டால்டிஹைடு சிவப்பு ஒயினில் ஆக்க வேலை செய்கிறது. சிவப்பு ஒயினின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாவல் பழத்துக்கும் நிறம் கொடுப்பது இந்த இனம்தான். தனியாக இருக்கும் ஆந்தோசயனின் நிலையற்றது. பாட்டிலில் சில ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்துவிடும். பின் இருபதாண்டுச் சிவப்பு ஒயின் எப்படிச் சிவப்பாக இருக்கிறது? தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து வந்த டானின்களோடு ஆந்தோசயனின் கைகோத்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது பல நேரங்களில் அந்த அசிட்டால்டிஹைடுதான். இப்படி உருவாகும் புதிய நிறமிகள் உறுதியானவை. அவற்றின் நிறமும் வேறு. இளம் ஒயினின் ஊதா கலந்த சிவப்பு மாணிக்கச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் விளிம்பில் இது தெரியும். விளிம்பு ஊதாவாக இருந்தால் ஒயின் இளசு. ஆரஞ்சு படர்ந்திருந்தால் முதிர்ந்தது.

டானின் என்றால் துவர்ப்பு. வாழைப்பூ, கொட்டைப் பாக்கு, பிஞ்சு மாதுளை எல்லாவற்றிலும் நாவைப் பிடித்து இழுப்பது இந்தக் குடும்பம்தான். உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்களை டானின் பற்றிக்கொள்ள, நாக்கு வறண்டது போல் உணர்கிறோம். வயதாகும்போது ஒயினின் அமிலம் டானின் சங்கிலிகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் தங்களோடும் நிறமிகளோடும் மீண்டும் இணைகின்றன. மிகப் பெரிதானவை கரையாமல் வண்டலாகப் படிகின்றன. இந்த உடைப்பும் இணைப்பும் ஆண்டுக்கணக்கில் நடந்த பின், எஞ்சியிருக்கும் துவர்ப்பு மென்மையாகிறது. எனவே தொடக்கத்தில் வாயைக் கட்டும் அளவுக்கு டானின் உள்ள ஒயினுக்குத்தான் காத்திருப்பதில் பொருள் உண்டு. டானின் குறைந்த, பழச்சுவையை மட்டும் நம்பிய ஒயினைப் பத்தாண்டு வைத்தால் பழச்சுவை போய்விடும், அதன் இடத்துக்கு வர எதுவும் இருக்காது.

டானின் அதிகமில்லாத வெள்ளை ஒயின்களில் சில எப்படி முப்பதாண்டு தாங்குகின்றன? அமிலத்தால். திராட்சையின் முதன்மை அமிலம் டார்டாரிக் அமிலம். பழங்களில் இது அரிது. ஆனால் நம் சமையலறையில் அன்றாடம் புழங்குவது. புளியின் புளிப்பும் இந்த அமிலமே. புதுப்புளி பானையில் இருந்து கருத்துப் பழம்புளி ஆகும்போது சுவை எப்படித் திரள்கிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் நல்ல அமிலம் உள்ள வெள்ளை ஒயினும் நிறம் ஏறிச் சுவை திரள்கிறது. பாட்டிலின் அடியிலோ கார்க்கின் உள்முகத்திலோ கண்ணாடித் தூள் போன்ற படிகங்கள் தென்பட்டால் பயப்பட வேண்டாம். குளிரில் படிந்த பொட்டாசியம் பைடார்டரேட் அது.

இந்த அமிலத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பழங்கால மண்பாண்டத்தில் ஒயின் இருந்ததா என்று தொல்லியலாளர்கள் தேடும்போது அவர்கள் முதலில் பார்ப்பது டார்டாரிக் அமிலத்தின் தடயத்தை. ஜார்ஜியாவில் கி.மு. 6000 அளவிலான பானைத் துண்டுகளில் அப்படித்தான் ஒயினைக் கண்டுபிடித்தார்கள். புளி புழங்கும் நாட்டில் அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், வடிவத்தாலேயே தங்களை மத்தியதரைக் கடல் சரக்கு என்று காட்டிக்கொடுத்தன. புறநானூற்றில் நக்கீரர் பாடும் யவனத் தேறல் அப்படி வந்ததுதான். எகிப்தின் செங்கடல் துறையில் கோடையில் கப்பலேறி, தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கடந்த சரக்கு அது. சுடுமண் சாடிக்குள் அத்தனை வெப்பத்தில் வந்த ஒயினில் ஆக்சிஜன் தன் வேலையைத் தாராளமாகச் செய்திருக்கும்.

வாசனைக்கு வருவோம். ஒயினில் பிறக்கும் போதே இருக்கும் வாசனைகள் வேறு, வயதில் வருபவை வேறு. முதல் வகையில் பல, நீண்ட ஆயுள் இல்லாதவை. புதிதாய் நொதித்த ஒயினில் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர் இருக்கும். மிட்டாய்க் கடை வாழைப்பழ எசென்ஸ் இதுதான். ஒயினின் அமிலச் சூழலில் இது தானாகச் சிதைந்துகொண்டே இருக்கிறது. ஓராண்டில் பெரும்பகுதி போய்விடும். நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதிச் சாவிஞான் பிளாங்கில் மூக்கைத் துளைக்கும் கொய்யா, பேஷன் பழ வாசனைக்குக் காரணமான கந்தகச் சேர்மம் ஒன்று சில மாதங்களிலேயே குறையத் தொடங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை எல்லாருக்கும் தெரியும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ரகம். மஸ்கட் குடும்பத்தின் அடையாளமான ரோஜா மணம் லினலூல், ஜெரானியால் போன்ற டெர்பீன்களால் வருவது. ஒயினாக்கி வைத்தால் இவையும் அமிலத்தில் உருமாறி மணம் மங்கிப்போகின்றன. எனவே மஸ்கட் ஒயினை, இத்தாலியின் மோஸ்காட்டோ தாஸ்தி ஆனாலும் சரி, வாங்கிய ஆண்டே முடித்துவிடுவது நல்லது.

எல்லாம் இப்படிப் போய்விடுவதில்லை. ஷிராஸ் ஒயினில் சில வேளை மிளகு வாசனை தூக்கலாக வரும். அதன் காரணத்தை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ரோட்டண்டோன் என்ற சேர்மம். நம் குறுமிளகின் வாசனையும் அதனால்தான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஐந்தில் ஒருவருக்கு மட்டும் மிக அதிகமாக இருந்தாலும் அது தெரிவதே இல்லை. ஒரே கோப்பையை இரண்டு பேர் முகர்ந்துவிட்டுச் சண்டை போட்டால் இருவரும் உண்மையைச் சொல்பவர்களாக இருக்கலாம்.

வயதில் பிறக்கும் வாசனைகளில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் சில ஆண்டுகளில் மண்ணெண்ணெய் வாடை காட்டத் தொடங்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். பழத்தில் இருந்த கரோட்டின் இனச் சேர்மங்கள் சிதைந்து, அமிலத்தில் மெல்ல மெல்ல உருமாறி, டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருளாகின்றன. வெயில் அதிகம் பட்ட பழத்தில் அதன் மூலப்பொருள் அதிகம். சிறு அளவில் இருந்தால் ரசிகர்கள் அதைத் தேடிக் குடிக்கிறார்கள். இரண்டாவது, சோட்டலோன். வெந்தயத்தை வறுக்கும்போது வீடு முழுக்கப் பரவும் அந்த மணத்தின் முதன்மைச் சேர்மம் சோட்டலோன்தான். மதேரா, முதிர்ந்த சோதேர்ன், ஜூராவின் மஞ்சள் ஒயின் ஆகியவற்றில் ஆண்டுகள் ஏற ஏற இது கூடுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதில் அக்ரூட்டையும் கருகிய சர்க்கரையையும் முகர்கிறார்கள். வெந்தயக் குழம்பு வைக்கும் வீட்டில் வளர்ந்த மூக்கு இந்த ஒயின்களுக்கு முன்னதாகவே பயிற்சி பெற்றது.

பெட்டிக்கு வருகிறேன். பன்னிரண்டு பாட்டிலும் பன்னிரண்டு விதமாக இருக்கட்டும் என்று கடைக்காரர்கள் ஆசை காட்டுவார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். ஒரே ஒயினில் ஒன்றே ஒன்று இருந்தால் அது எப்படி மாறுகிறது என்று பார்க்கவே முடியாது. வைத்திருக்கத் தகுந்த ஒயின் ஒன்றைத் தேர்ந்து அதில் மூன்று பாட்டில் வாங்குங்கள். வாங்கிய ஆண்டில் ஒன்று, நான்கைந்து ஆண்டு கழித்து ஒன்று, அதன் நிலையைப் பார்த்து மூன்றாவது. கலந்த பெட்டியால் கிடைக்கும் உண்மையான லாபம் இந்த ஒப்பீடுதான்.

அந்த மூன்றுக்கு என் முதல் தேர்வு ஆஸ்திரேலிய ஹன்ட்டர் பள்ளத்தாக்கின் செமியோன். விலை மலைக்க வைக்காது. பழத்தைச் சற்று முன்னதாகவே பறித்துவிடுவதால் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். ஓக் பீப்பாயில் வைப்பதும் இல்லை. இளமையில் எலுமிச்சைப் புளிப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத, சாதுவான ஒயின். பத்து வயதில் வறுத்த ரொட்டியும் தேனும் மணக்கும். பீப்பாயைக் கண்ணால் பார்க்காத ஒயினில் வறுத்த மணம் வந்து நிற்பதை மூன்று பாட்டில்களில் படிப்படியாகக் காணலாம். ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங்கும் இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும். அமிலமும் எஞ்சிய சர்க்கரையும் சேர்ந்து அதைப் பல பத்தாண்டு காப்பாற்றும்.

சிவப்பில் நீண்ட பயணத்துக்கு உரியவை கேபர்நே சாவிஞான் மிகுந்த போர்தோ, வடஇத்தாலியின் பரோலோ. பரோலோவின் நெபியோலோ திராட்சையில் அமிலமும் டானினும் இரண்டுமே கூடுதல். சட்டப்படியே 38 மாதம் முதிர்ந்த பிறகுதான் விற்பனைக்கு வர முடியும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அப்படி வந்த பிறகும் பல ஆண்டு காத்திருக்கச் சொல்லும் ஒயின் அது. காத்திருக்க இடமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரெசெர்வா. உங்களுக்காக உற்பத்தியாளரே ஐந்து ஆண்டு காத்திருந்துவிடுகிறார், அதில் இரண்டு ஆண்டு ஓக் பீப்பாயில். வாங்கிய மாலையே திறக்கலாம். குளிர்ச்சியான நிலவறை இல்லாத எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

போர்ட் ஒயினில் கவனம் தேவை. ஒரே டோரோ பள்ளத்தாக்கு, ஒரே திராட்சைகள். ஆனால் பெயரில் ஒரு சொல் மாறினால் ஆயுள் தலைகீழாகிவிடும். விண்டேஜ் போர்ட்டை அறுவடைக்குப் பின் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். ஆக்சிஜனை அது பாட்டிலுக்குள் துளித்துளியாகத்தான் சந்திக்கிறது, எனவே இருபது, முப்பது ஆண்டு முதிரும். டானி போர்ட் சிறு பீப்பாயில் பத்தோ இருபதோ ஆண்டு காற்றோடு உறவாடிவிட்டுத்தான் பாட்டிலுக்கு வருகிறது. அதன் முதிர்ச்சி முடிந்துவிட்டது; வைத்திருப்பதால் பயனில்லை.

மற்றவை உடனே குடிக்க. புரோவான்ஸ் ரோசே, போர்ச்சுகலின் வின்யோ வெர்தே, மார்ல்பரோ சாவிஞான், மஸ்கட் எல்லாம் இந்த வரிசை. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை உலகெங்கும் வெளியாகும் போஜோலே நூவோவை அடுத்த கோடைக்குக் கூட வைக்கக் கூடாது. நாசிக் ஒயின்களில் வெள்ளைகளும் அப்படியே. அங்கே கொடிகளை ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிக்கிறார்கள். ஐரோப்பாவில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில் என்பதால், லேபிளில் ஒரே ஆண்டு அச்சாகியிருந்தாலும் நாசிக் ஒயின் அரை ஆண்டு மூத்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கார்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்க் ஓக் மரத்தின் பட்டை அது. மரத்துக்கு இருபத்தைந்து வயதான பின் முதல் உரிப்பு, அப்புறம் ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை. மூன்றாவது உரிப்பில்தான் பாட்டிலுக்கான தரம் கிடைக்கும். இயற்கைப் பொருள் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரே பெட்டியில் இருந்த ஒரே ஒயின் பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடுவதற்கு முக்கியக் காரணம் இது. இன்னொரு ஆபத்து டி.சி.ஏ. என்ற சேர்மம், ஈரத்தில் நனைந்த அட்டைப் பெட்டி நாற்றம். ஸ்விட்சர்லாந்தின் ஹான்ஸ் டேனர் 1981இல் அதை அடையாளம் காட்டினார். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒயின் பாழ். பூஞ்சைக்கும் குளோரினுக்கும் பிறந்த அந்த நாற்றத்தை எத்தனை ஆண்டு வைத்தாலும் போக்க முடியாது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். இதில் சலித்துப்போன கிளேர் பள்ளத்தாக்கு உற்பத்தியாளர்கள் 2000இல் தங்கள் ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போட்டார்கள். திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பதினான்கு பாட்டில் படத்தை அவர்களுக்குக் காட்டலாம்.

இனி வெப்பம். என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுவே. ஒயினுக்கு உகந்தது 12, 13 டிகிரி. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்பது பொது விதி. 33 டிகிரி அறையில் ஓராண்டு இருந்த ஒயின், நிலவறையில் நான்காண்டு இருந்ததற்குச் சமம் என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியல்ல. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. சூட்டில் டானின் பதமாவதற்குள் பழச்சுவை வெந்துபோகும். ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். இரவில் குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். வாங்கும்போது கார்க் வாயை விட்டு எம்பியிருந்தாலோ கழுத்தோரம் கசிவுத் தடம் இருந்தாலோ அந்தப் பாட்டில் எங்கோ வெயிலில் காய்ந்தது என்று பொருள்.

சூட்டைத் தாங்கப் பிறந்தது ஒன்றே ஒன்று, மதேரா. இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியில் மதேரா தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் வெந்து குலுங்கி வந்த ஒயின் கெடுவதற்குப் பதிலாக மேம்பட்டிருந்தது. அப்புறம் கப்பல் பயணத்துக்குப் பதில் தீவிலேயே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றும் தொட்டியில் 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதம் வைப்பது ஒரு முறை. வேக வேண்டியது, காற்று பட வேண்டியது எல்லாம் முன்பே நடந்துவிட்டதால் திறந்த பாட்டில் கூட மாதக்கணக்கில் நிற்கும். வெப்ப நாட்டில் வாழ்பவரின் பெட்டியில் ஒரு மதேரா இருப்பது நல்லது.

குளிரின் வல்லமைக்கு ஒரு சான்று 2010இல் கிடைத்தது. பின்லாந்தின் ஓலாந்து தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்களை எடுத்தார்கள். சுமார் 170 ஆண்டுப் பழையவை. சில வவ் கிளிக்கோ நிறுவனத்தவை. இருளும், இரண்டிலிருந்து நான்கு டிகிரிக் குளிரும் அவற்றைக் காத்திருந்தன. 2015இல் வெளியான ஆய்வின்படி லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. இன்றைய புரூட் ஷாம்பெயினில் 12 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. முதலில் ஈர ரோமம் போன்ற வாடை வந்ததாகவும், கோப்பையில் சுழற்றிக் காற்றுப் பட்ட பிறகு புகை, தோல், பூ, பழ மணங்கள் எழுந்ததாகவும் சுவைத்தவர்கள் பதிவு செய்தார்கள். இதற்கும் மூத்தது பாஸ்டரின் ஆர்புவாவில் இருந்த 1774ஆம் ஆண்டு மஞ்சள் ஒயின். அந்தப் பாட்டில் ஒன்று 2018இல் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது. பீப்பாயில் ஆறு ஆண்டுக்கு மேல் ஈஸ்ட் படலத்தின் கீழ் முதிர்ந்து, ஆக்சிஜனோடு முன்பே சமாதானம் செய்துகொண்ட ஒயின் என்பதால்தான் அது பிரெஞ்சுப் புரட்சியையும் இரண்டு உலகப் போர்களையும் கடந்து நின்றது.

நம் வீடுகளில் நிலவறை கிடையாது. பரணும் சமையலறை அலமாரியும் ஒயினுக்கு மிக மோசமான இடங்கள். சென்னையிலோ மதுரையிலோ கொழும்பிலோ இருப்பவர்கள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்க வைக்கலாம். வினைகள் மிகவும் மந்தமாகிப் பக்குவம் தாமதப்படும், ஆனால் கெடாது. ஓராண்டு வரை கவலை வேண்டாம். அதற்கு மேல் வறண்ட குளிரில் கார்க் சுருங்கக்கூடும். வெளிச்சமும் கூடாது. ஒயினில் உள்ள பி2 வைட்டமின் ஒளியை உறிஞ்சிக் கந்தகம் கொண்ட அமினோ அமிலத்தைச் சிதைக்க, வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றம் வந்துவிடும். நிறமற்ற பாட்டிலில் வரும் ரோசேயைக் கடையின் கண்ணாடி முகப்பிலிருந்து எடுத்து வாங்காதீர்கள். உள் அடுக்கிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

பெட்டி வந்த அன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் சிறு அட்டை கட்டி, வாங்கிய மாதத்தையும், எந்த ஆண்டுக்குள் திறக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். வெப்பமான ஊரில் இருந்தால், புத்தகங்களும் கடைக்காரரும் சொல்லும் ஆண்டுகளைப் பாதியாகக் குறைத்து எழுதுங்கள். ஐயம் வந்தால் சீக்கிரமே திறந்துவிடுங்கள். இளசாக இருக்கும் சிவப்பு ஒயினை அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட வைத்தால் ஓரளவு இணங்கி வரும். காலம் தாழ்த்தித் திறந்த ஒயினுக்குச் செய்யக் கூடியது எதுவும் இல்லை.